வெள்ளி முகமூடிக்குப் பின்னே ஓர் அண்ணன்

மந்திரவாதி மாண்ட்ரேக் 1934-ஆம் வருஷம் ஜூன் மாதம் 11-ஆம் தேதி அமெரிக்க தினசரிகளில் முதன்முதலாகக் காலடி வைத்தபோது, பட்டுத் தொப்பியும் நீண்ட மேலங்கியும் தரித்த அந்த மெல்லிய மீசைக்காரனுக்கு எதிரே, லீ ஃபாக் என்ற இருபத்து மூன்று வயது எழுத்தாளர் கொண்டுவந்து நிறுத்திய முதல் விரோதியின் பெயர் கோப்ரா. 1937-இல் அவன் தோற்று ஒழிந்தான் என்று வாசகர்கள் நம்பும்படியாகக் கதை முடிந்தது. அதன் பின் 28 வருஷ காலம் அவனைப் பற்றிய பேச்சே இல்லை. 1965-இல், முதல் கதையைப் படித்த சிறுவர்கள் தம் பிள்ளைகளுக்குப் பத்திரிகை வாங்கிக் கொடுக்கும் வயதை எய்திவிட்ட காலத்தில், வெள்ளியாலான ஒரு முகமூடியை அணிந்துகொண்டு அவன் திரும்பி வந்தான்.

அந்த முகமூடியைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை. படக்கதைகளில் வரும் வில்லன்களில் கொடூரமானவர்கள் இருக்கிறார்கள், மகா புத்திசாலிகள் இருக்கிறார்கள், தோற்றத்தாலேயே குழந்தைகளைத் தூங்கவிடாமல் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் துரோகி என்ற சொல்லுக்குப் பூரண பாத்தியதை உள்ளவனாக நான் கருதுவது இந்தக் கோப்ரா ஒருவனைத்தான். அப்படிக் கருதுவதற்கு ஹேது என்ன என்பதைச் சொல்ல வேண்டுமானால், நான் அவனைச் சந்தித்த எல்லைப் பிரதேசத்தையும், அங்கே எனக்கு முன்பே அறிமுகமாகியிருந்த சில பழைய கதாபாத்திரங்களையும் கூடவே சொல்லியாக வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்தது பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய கிராமத்தில். வீட்டில் தமிழ், சர்க்கார் ஆபீஸில் மலையாளம், சந்தையில் எதிரே நிற்பவரைப் பொறுத்து இரண்டில் ஒன்று என்று வாழ்கிறவர்கள் நாங்கள். வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு சோதனைச் சாவடி குறுக்கே வரும். அதைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் பொள்ளாச்சியோ கோயம்புத்தூரோ வந்துவிடும். பொள்ளாச்சி பஸ் நிலையத்துக் கடைகளில் கயிற்றிலே தொங்கிக்கொண்டிருந்த படக்கதைப் புத்தகங்கள் எங்கள் பால்யத்தின் சரஸ்வதி பண்டாரம். சிவகாசியில் எம். சௌந்தரபாண்டியன் அவர்கள் 1972-இல் இரும்புக்கை மாயாவியை முதல் இதழாகக் கொண்டு ஆரம்பித்த முத்து காமிக்ஸ், வேதாளரையும் ரிப் கெர்பியையும் காரிகனையும் மாண்ட்ரேக்கையும் தமிழ் பேச வைத்தது. பம்பாயில் டைம்ஸ் ஆஃப் இந்தியா ஸ்தாபனத்தார் 1964-ஆம் வருஷம் மார்ச் மாதம் தொடங்கி 1990 வரையில் 803 இதழ்கள் வெளியிட்ட இந்திரஜால் காமிக்ஸ், முதல் 32 இதழ்களை வேதாளருக்கே அர்ப்பணித்துவிட்டு அதன் பிறகு மாண்ட்ரேக்குக்கும் இடம் கொடுத்தது. அதன் ஆங்கிலப் பிரதிகள் கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் அட்டை கிழிந்த நிலையில் அகப்படும்.

இப்படிக் கையில் கிடைத்ததைக் கிடைத்த வரிசையில் படித்தவர்களுக்கு ஒரு விசித்திரமான அனுபவம் உண்டு. அமெரிக்க வாசகன் கோப்ராவை முதலில் அந்நியனாக அறிந்து, பின்பு முகமூடியோடு கண்டு, அதற்கும் பின்பே அவன் யார் என்ற ரகசியத்தைத் தெரிந்துகொண்டான். நாங்களோ ரகசியத்தை முதலிலும் முகமூடியை அடுத்தும் படித்தோம். ஆரம்பத்தைப் படிக்கவே இல்லை என்றும் சொல்லலாம். ஆகையால் கோப்ரா யார் என்ற வியப்பு எங்களுக்கு வாய்க்கவில்லை. இவ்வளவு நெருங்கிய உறவுக்காரன் ஏன் இப்படி ஆனான் என்ற துக்கம் மட்டும் முதல் பக்கத்திலிருந்தே கூட வந்தது. கதையைச் சரியான வரிசையில் படித்தவர்களைக் காட்டிலும் நாங்கள் நஷ்டப்பட்டதாக நான் நினைக்கவில்லை.

ரகசியத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாண்ட்ரேக் தன் வித்தைகளைக் கற்றது ஹிமாலயத்தில் உள்ள ஒரு மந்திர வித்யாசாலையில். அதன் தலைவர் தெரோன், பல நூறு வருஷங்கள் வாழ்ந்தவர், மனோசக்தியைப் பெருக்கும் ஒரு ஸ்படிகத்தைக் காத்து வருபவர். அத்தகைய ஸ்படிகக் கட்டிகள் இரண்டு. ஒன்று தெரோனிடமும் மற்றொன்று மாண்ட்ரேக்கிடமும் இருக்கின்றன. தெரோன் மாண்ட்ரேக்குக்கு ஆசாரியர் மாத்திரமல்ல, தகப்பனாரும் ஆவார். அந்த ஸ்படிகங்களில் ஒன்றையாவது அபகரித்துவிட வேண்டும் என்று சதா அலைகின்ற கோப்ரா, லூசிஃபர் என்ற இயற்பெயர் கொண்ட, அதே தெரோனின் மூத்த குமாரன். மாண்ட்ரேக்குக்கு வேறு தாய் வயிற்று அண்ணன்.

மாண்ட்ரேக்கின் ஆயுதம் எது என்று சிந்தித்தால் இந்த உறவின் அவசியம் விளங்கும். அவன் கையை அசைத்த மாத்திரத்தில் துப்பாக்கி பிடித்தவனுக்குத் துப்பாக்கி பாம்பாகத் தெரிகிறது; ஓடி வருகிறவனுக்குத் தரை தண்ணீராகத் தெரிகிறது; உண்மையில் எதுவும் மாறவில்லை, பார்க்கிறவன் மனமே மாறியது. இப்படிப்பட்ட நாயகனுக்குச் சாதாரணக் கொள்ளைக்காரர்களும் கள்ளக்கடத்தல்காரர்களும் எவ்விதத்தில் ஈடாவார்கள்? லீ ஃபாக் அவனுக்காக எத்தனையோ விரோதிகளைச் சிருஷ்டித்தார். உலகின் எட்டு இடங்களில் தலைமையகம் வைத்திருக்கும் ‘எட்டு’ என்ற புராதன ரகசியக் கூட்டம் ஒன்று. கண்ணிமைக்கும் நேரத்தில் யாருடைய உருவத்தையும் எடுத்துக்கொண்டு, குற்றம் செய்த இடத்தில் ஒரு சின்னக் களிமண் ஒட்டகத்தை வைத்துவிட்டுப் போகிற சாகி என்பவன் இன்னொருவன். இவர்கள் எல்லோரும் சுவாரஸ்யமானவர்களே. ஆனால் இவர்களில் எவனும் மாண்ட்ரேக்கின் வீட்டுக் கூடத்தையோ அவன் தகப்பனாரின் ஸ்வபாவத்தையோ அறியமாட்டான். மாயையே தொழிலாகக் கொண்டவனைக் கலங்க வைக்க, அந்த மாயை பிறந்த இல்லத்திலேயே பிறந்த ஒருவன் தேவைப்பட்டான்.

இவ்விடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். எங்கள் ஊர் மலையாளத்துச் சிநேகிதர்களிடம் மாண்ட்ரேக் என்று சொன்னால், 1997-இல் வந்த ‘ஜூனியர் மாண்ட்ரேக்’ படத்தில் போகிற வீட்டையெல்லாம் நாசமாக்கும் அந்த மொட்டைத் தலைச் சிலைதான் அவர்கள் ஞாபகத்துக்கு வரும். அந்தப் படம் எனக்கும் பிடித்தமானதே. ஆயினும் தொப்பி அணிந்த மந்திரவாதியின் பெயர் எங்கள் ஜில்லாவில் துரதிர்ஷ்டத்தின் பெயராக நிலைத்துவிட்டதில் எனக்கு உண்மையாகவே மனவருத்தம் உண்டு.

என் தாய்மாமன் தேவிகுளம் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். கோடை விடுமுறைக்கு உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு ஏறுகிற பஸ்ஸில் நான் போகும்போது, பொள்ளாச்சியில் வாங்கிய புத்தகங்களை மாமாவுக்காக எடுத்துப் போவேன்; அவரோ போடியிலிருந்து மலையேறி வருகிறவர்கள் மூலம் வாங்கி வைத்த வேறு புத்தகங்களை எனக்காக வைத்திருப்பார். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் ஒரு படக்கதைப் புத்தகம் வந்து சேர்ந்தால் அது ஒரு குடும்பத்தின் சொத்தாக இராது. வரிசையின் கோடி வீடு வரை போய், பெரியவர்கள் வாய்விட்டுப் படிக்க அட்சரம் தெரியாத கிழவிகள் கேட்டு, பத்து நாள் கழித்துத் திரும்பி வரும். படிப்பு முடிந்த பிறகு அடுப்பங்கரைச் சூட்டில் உட்கார்ந்து கதையைப் பற்றி விசாரணை நடக்கும். அந்த விசாரணையில் நான் கேட்ட ஒரு வாக்கியம் இன்றளவும் என்னை விட்டுப் போகவில்லை.

“மாப்ளே, இவன் திருடன் இல்லடா. பங்கு கிடைக்காத மூத்தவன்” என்றார் மாமா.

“பங்கு வேணும்னா வாசல்ல வந்து நின்னு கேக்க வேண்டியதுதானே மாமா? எதுக்கு முகமூடி போட்டுக்கிட்டு வரணும்?” என்று கேட்டேன்.

“அந்த இடத்துலதான் அவன் கெட்டுப்போனான்” என்றார்.

மாமா இருந்த லயம் கம்பெனிக்குச் சொந்தம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டையும் காலி செய்துகொண்டு புறப்பட வேண்டியவர்கள் அங்கே இருந்தவர்கள் எல்லோரும். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தும் ஒரு செண்டு நிலம் தம் பேரில் இல்லாதவர்கள், இரண்டு ஸ்படிகக் கட்டிகளின் கதையைப் பாகப்பிரிவினைக் கதையாகவே படித்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. அவர்கள் லூசிஃபரை வெறுக்கவில்லை. தகப்பன் இரண்டு பொருள்களை வைத்துக்கொண்டு ஒன்றைத் தானும் மற்றொன்றை இளைய மகனுமாக அனுபவிக்கும்போது மூத்தவன் மனம் எப்படி இருந்திருக்கும் என்று அந்த அடுப்பங்கரையில் தர்க்கம் நடந்தது. ஸ்படிகம் அனுபவிப்பதற்கான சொத்தல்ல, காக்கப்பட வேண்டிய நிக்ஷேபம் என்று எதிர்க்கட்சி பேசினவர்களும் உண்டு. நான் அந்த எதிர்க்கட்சியைச் சேர்ந்தவன், இப்போதும் அப்படித்தான். ஆனால் மாமாவின் கட்சி அவனிடம் கண்ட அந்த ஆதிக் காயம் கதையில் இருக்கத்தான் செய்கிறது. அது இல்லாவிட்டால் வெள்ளி முகமூடி ஒரு நாடக அலங்காரமாகவே நின்றிருக்கும்.

லோதாரை இந்தக் காயத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மாண்ட்ரேக்கின் அத்யந்த நண்பனான அந்த ஆப்பிரிக்க வீரன், காட்டு இனங்களின் கூட்டமைப்பு ஒன்றுக்கு இளவரசன். அரசனாகும் வாய்ப்பைத் தானே விட்டுவிட்டு மாண்ட்ரேக்கோடு கூடத் திரிகிறவன். ஆரம்ப வருஷங்களில் அவனைச் சிறுத்தைத் தோல் உடுத்திக் கொச்சையாகப் பேசும் வேலைக்காரனாகச் சித்தரித்தார்கள். அந்தப் பக்கங்களை இப்போது கூச்சமில்லாமல் புரட்ட முடியவில்லை. முதல் ஓவியரான ஃபில் டேவிஸ் 1964 டிசம்பரில் காலமாகி, ஃப்ரெட் ஃப்ரெடெரிக்ஸ் தூரிகையை ஏற்ற 1965-இலிருந்து, லோதாரின் பேச்சும் உடையும் திருந்தி, அவன் ஒரு கௌரவமான சமமான நண்பனாக உருவெடுத்தான். கோப்ரா முகமூடியோடு மறுபிறவி எடுத்ததும் அதே 1965-தான். ரத்த பந்தமே இல்லாதவன் ராஜ்யத்தைத் துறந்து சகோதரனாகிறான், ரத்த பந்தமுள்ள மூத்தவன் ஒரு ஸ்படிகக் கட்டிக்காகப் பகைவனாகிறான் என்கிற இவ்விரண்டு சித்திரங்களும் ஒரே வருஷத்தில், ஒரே ஓவியரின் கையால், பக்கத்துப் பக்கத்திலே தெளிவு பெற்றன. இதைத் திட்டமிட்டுச் செய்தார்களோ தற்செயலாக நேர்ந்ததோ, பலன் ஒன்றுதான். கம்பன் தன் ராமனைக் கொண்டு குகனை ஐந்தாவது சகோதரனாகவும், சுக்ரீவனை ஆறாவதாகவும், விபீஷணனை ஏழாவதாகவும் எண்ண வைத்தானே, அந்தக் கணக்கில் லோதாருக்கும் தாராளமாக இடம் இருக்கிறது.

விபீஷணன் பெயரை எடுத்துவிட்டேன். இனி அவனை எளிதில் விட முடியாது. எங்கள் ஜில்லாவில் அவனைப் பற்றிய விசாரம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பாலக்காட்டுப் பகுதியின் பகவதி கோயில்களில் கூத்துமாடம் என்று ஒரு தனிக் கட்டடம் உண்டு. அதிலே வெள்ளைத் திரை கட்டி, பின்னால் வரிசையாக 21 விளக்குகள் ஏற்றி, தோலில் வெட்டிய பாவைகளின் நிழலை ஆட்டிக் கம்பராமாயணத்தை இரவு இரவாக நடத்துகிறார்கள். சில கோயில்களில் ஏழு இரவு, சிலவற்றில் பதினான்கு, சிலவற்றில் இருபத்தொன்று, அதற்கு மேலும் உண்டு. பாடப்படும் செய்யுள்கள் கம்பனுடைய தமிழ். விளக்கவுரையில் தமிழும் மலையாளமும் கலந்து ஓடும். தாரிகன் என்ற அசுரனோடு யுத்தம் செய்துகொண்டிருந்த பத்ரகாளி, ராவண வதத்தைக் காண முடியாமல் போன குறையைத் தீர்க்கவே இந்தக் கூத்து ஏற்பட்டது என்பது ஐதீகம். ஆகையால் மனிதர் ஒருவருமே எதிரில் இல்லாவிட்டாலும் கூத்தை நடத்தும் புலவர்கள் தேவிக்காக விடிய விடிய ஆடுவார்கள். ஷொரணூருக்கு அருகில் உள்ள கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவரின் குமாரர் ராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தபோது, அந்த நிழல்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கெல்லாம் சொந்த வீட்டு விசேஷம் நடந்த மகிழ்ச்சி உண்டாயிற்று.

படக்கதைப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே எங்கள் பக்கத்துப் பிள்ளைகள், சட்டத்துக்குள் அடைபட்ட உருவங்கள் பேசுவதையும், ‘தொடரும்’ என்று சொல்லாமலே கதை மறுநாள் இரவுக்குத் தொடர்வதையும், நேற்று ஓடிப்போன வில்லன் இன்று மேகத்தில் மறைந்து திரும்பி வருவதையும் அந்தத் திரையிலே பார்த்திருந்தோம். நாகபாசத்தை ஏவிய இந்திரஜித்தை அறிந்தவனுக்குப் பாம்பின் பெயர் பூண்ட ஒருவன் புதியவனாக இருப்பானா?

நிகும்பலையில் இந்திரஜித் நடத்திய வேள்வியின் ரகசியத்தை லக்ஷ்மணனுக்குக் காட்டிக் கொடுத்தவன் அவனுடைய சொந்தச் சிற்றப்பன் விபீஷணன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தாயே என்று இந்திரஜித் அவனைச் சாடுகிற கட்டம் வரும்போது, கோயில் திடலில் பாய் விரித்துப் படுத்திருக்கும் பெரியவர்கள் எழுந்து உட்காருவார்கள். விபீஷணன் துரோகியா, தர்மாத்மாவா? என் அபிப்பிராயம் இதுதான். விபீஷணன் முதலில் அண்ணனுடைய சபையில், மந்திரிகளும் சேனாதிபதிகளும் கேட்க, செய்வது அநீதி என்று உரக்கச் சொன்னான். அண்ணன் துரத்திய பிறகே நான்கு துணைவரோடு புறப்பட்டான். எதிரி முகாமை அடைந்தபோதும் தன் பெயரையும் குலத்தையும் சொல்லிக்கொண்டே சரணம் புகுந்தான். சுக்ரீவன் அவனைச் சந்தேகித்ததற்குக் காரணம் அவன் இன்னான் என்பது தெரிந்திருந்ததே; தெரியாமல் உள்ளே வர அவன் முயலவே இல்லை. அவனுடைய அண்ணன் கும்பகர்ணன், செய்வது அநீதி என்று தெரிந்தும், உண்ட சோற்றுக்காக ராவணன் பக்கமே நின்று மடிந்தான். இருவரும் எதிரெதிர்த் திசையில் போனார்கள், இருவரும் முகத்தை மறைக்கவில்லை. ஆகவேதான் இருவருக்காகவும் நம்மால் அழ முடிகிறது.

லூசிஃபர் ஒரு நாளாவது தெரோனின் முன்னால் வந்து நின்று, “அப்பா, எனக்கு ஏன் இல்லை?” என்று கேட்டானா? நான் படித்த வரையில் இல்லை. அப்படிக் கேட்டிருந்தால், மறுக்கப்பட்டிருந்தால், பிறகு படையெடுத்தே வந்திருந்தாலும் அவனைப் பகைவன் என்று சொல்லியிருப்பேனே ஒழியத் துரோகி என்று சொல்ல நா வந்திருக்காது. தன்னை அடையாளம் தெரியாதவாறு மூடிக்கொண்டு, தன்னை அறிந்தவர்களின் பலவீனத்தைத் தான் மட்டும் அறிந்தவனாக வந்தான் பாருங்கள், அங்கேதான் மாமா சொன்ன அந்த இடம் இருக்கிறது. கட்சி மாறியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உறவு கொடுத்த அறிவை உறவுக்குத் தெரியாமல் உறவின் மேலேயே பிரயோகித்தானே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடிவதில்லை.

கம்பன் இதையும் அறிந்திருந்தான். வால்மீகியில் இல்லாத மாயாசனகப் படலத்தை அவன் பாடியிருக்கிறான். சிறையிருந்த சீதையின் மனத்தை உடைக்க ராவணன் தரப்பில் எடுத்த கடைசி உபாயம், மருத்தன் என்ற அரக்கனை அவள் தகப்பனாராகிய ஜனகனின் உருவத்தில் கொண்டுவந்து நிறுத்தி, இணங்கிப் போ மகளே என்று சொல்ல வைத்தது. ஆயுதத்துக்கும் ஆசைக்கும் அசையாதவளை ஒரு பிதாவின் முகத்தைக் கொண்டு அசைத்துப் பார்த்தார்கள்; அவள் அதற்கும் அசையவில்லை என்பது வேறு விஷயம். களிமண் ஒட்டகக்காரன் சாகி உருவங்களைத் திருடுவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மருத்தன் நினைவு வரும். அவர்கள் இல்லாத உறவை வேஷத்தால் உண்டாக்கிக்கொண்டார்கள். கோப்ரா இருக்கிற உறவை வேஷத்தால் மறைத்தான். இரண்டில் பின்னதுதான் கொடியது. மருத்தனின் பொய்யைத் தோலுரித்துவிட்டால் உள்ளே ஓர் அந்நியன் இருப்பான். வெறுத்துவிட்டு நிம்மதியாகப் போகலாம். வெள்ளி முகமூடியைக் கழற்றினால் உள்ளே அண்ணன் இருக்கிறான். அவனை என்ன செய்வது?

மாண்ட்ரேக்குக்கு வாய்த்த மற்றொரு சகோதரன் டெரெக்கின் கதை இதற்கு நல்ல ஒப்பு. அவன் இரட்டைப் பிறவி. அதே முகம், ஏறக்குறைய அதே சக்தி. ஆனால் அற்ப சுகங்களுக்காக வித்தையை விரயம் செய்கிறவன். அவனிடமிருந்து மந்திர ஞானத்தை அழித்துவிட மாண்ட்ரேக் பலமுறை முயன்றும் முழுவதும் அழிக்க முடிந்ததில்லை. டெரெக் நம்மைக் கோபப்படுத்துகிறான், பயப்படுத்துவதில்லை. அவனுடைய சபலம் எல்லோருக்கும் தெரிந்த சபலம்.

ஒரே வில்லன் திரும்பத் திரும்ப வருவது பத்திரிகைத் தொடரின் வியாபாரத் தேவை என்று சொல்லி விலக்குகிறவர்கள் உண்டு. தேவை இருந்தது உண்மை. தினம் ஒரு பட்டை, வருஷம் முழுவதும், விரோதி இல்லாமல் நடக்காது. ஆனால் எங்கள் சித்தூரில், கும்ப மாதத்தில் பகவதி கோயிலில் நடக்கும் கொங்கன்படை உற்சவத்தைப் பார்த்தவர்கள் இதை அவ்வளவு லேசாகச் சொல்லமாட்டார்கள். கொங்கு நாட்டரசன் படையெடுத்து வந்தான், பகவதி அருளால் ஊரார் அவனை வென்றார்கள் என்பது அந்த உற்சவத்தின் வரலாறு. வென்றது என்றோ ஒரு நாள். ஆயினும் ஒவ்வொரு வருஷமும் கொங்கன் வந்தாக வேண்டும், படை திரள வேண்டும், அவன் தோற்க வேண்டும். அவன் வராத வருஷத்தில் பகவதியின் வெற்றிக்கு அர்த்தம் ஏது? கொங்கு நாட்டோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்த எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களும் அந்தக் கூட்டத்தில் நின்றுதான் பார்க்கிறோம். அங்கே வருகிற சத்துரு ஒரு வகையில் எங்கள் உறவின்முறைக்காரன். அதனால் எங்களுக்கு விரோதம் எதுவும் தோன்றியதில்லை, அவன் வருகைக்காகக் காத்திருப்போம். திரும்பி வருகிற வில்லனிடம் ஜனங்களுக்கு இருக்கும் இந்தப் பற்று வியாபாரத்தால் உண்டானதல்ல. வியாபாரம் அதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்தியது.

முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியும் தொடக்கத்தில் குற்றவாளியாகவே இருந்தவன் என்பதை இங்கே நினைவுகூரலாம். மின்சாரம் பாய்ந்ததும் கை தவிர உடம்பெல்லாம் மறைகிற அந்த மனிதன், முதல் கதையில் தன் சக்தியைத் தீய வழியில் செலுத்திவிட்டு, அதன் பிறகு மனம் திருந்தி ரகசியப் படையில் சேர்ந்து உலகத்துக்கு உபகாரம் செய்தான். தமிழ்ப் பிள்ளைகள் அவனை மன்னித்தது மாத்திரமல்ல, தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். ஆகையால் மன்னிக்கத் தெரியாத வாசகர்கள் என்று எங்களைச் சொல்ல முடியாது. லூசிஃபர் ஒரு பக்கத்தில், ஒரே ஒரு சட்டத்தில், தம்பியைப் பார்த்துத் தலைகுனிந்திருந்தால் போதும், நாங்கள் அவன் பக்கம் சாய்ந்திருப்போம். லீ ஃபாக் அந்தச் சட்டத்தை அவனுக்குக் கொடுக்கவில்லை. மாண்ட்ரேக்கும் அண்ணனைக் கொல்கிறவனல்ல. ஒருவன் திருந்தமாட்டான், மற்றவன் கொல்லமாட்டான் என்றால் அவன் திரும்பி வராமல் வேறு என்ன செய்ய முடியும்?

பிற்காலத்தில் கோப்ரா வெள்ளி முகமூடியை விட்டுவிட்டான். சிதைந்திருந்த முகத்தைச் சத்திர சிகிச்சையால் சீர்படுத்திக்கொண்டு, ஊட் என்ற உதவியாளன் ஒருவனோடு, சாதாரண மனிதனைப் போல உலாவத் தொடங்கினான். முகமூடி போனதும் அவனுடைய பயங்கரமும் போயிற்று என்று பல ரசிகர்கள் வருந்துகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முகமூடி அணிந்தவனைக் கண்டால் தெருவில் போகிறவன் ஒதுங்கிக்கொள்வான், அது ஒரு வகையில் அவன் கொடுக்கும் எச்சரிக்கை. வைத்தியன் கையால் முடைந்த புது முகத்தை அணிந்து வருபவனிடம் அந்த எச்சரிக்கையும் இல்லை. தகப்பன் கொடுத்த முகத்தைத் தொலைத்து, வெள்ளியில் ஒன்று செய்துகொண்டு, அதையும் எறிந்துவிட்டு மூன்றாவதாக ஒன்றை வாங்கிக்கொண்டவனிடம், தெரோன் பார்த்து அடையாளம் காண என்ன மிஞ்சியிருக்கும் என்று நினைத்தால் பயத்தோடு பரிதாபமும் உண்டாகிறது. முகமூடிக் கதைகளைவிட அந்தப் பிந்தைய கதைகளையே நான் அதிகமாக விரும்பிப் படிக்கிறேன்.

லீ ஃபாக் 1999-ஆம் வருஷம் மார்ச் மாதம் காலமான பிறகு ஃப்ரெடெரிக்ஸ் கதையையும் சித்திரத்தையும் தாமே சுமந்தார். ஞாயிறு பக்கம் 2002 டிசம்பரோடு நின்றது. தினசரிப் பட்டை 2013 ஜூலை 6-ஆம் தேதி, ஃப்ரெடெரிக்ஸ் ஓய்வு பெற்றதும், நடந்துகொண்டிருந்த கதை முடியாமலே நின்றுபோயிற்று. அந்த இடத்தை நிரப்புவதற்காக ஜூலை 8-ஆம் தேதியிலிருந்து மறுபிரசுரம் செய்ய ஆரம்பித்தது 1995-இல் வந்த ஒரு கோப்ரா கதையை. முதல் கதையில் எதிரே நின்றவன், எழுத ஆளில்லாமல் போன பிறகும் வந்து நின்றான்.

சிவகாசிப் பதிப்பாளர்கள் அண்மைக் காலத்தில் அந்தப் பழைய தினசரி நாயகர்களைக் கெட்டி அட்டையிட்டுப் பெரிய தொகுப்புகளாகக் கொண்டு வருகிறார்கள். அச்சும் தாளும் நாங்கள் சிறுவயதில் கண்டதைவிடப் பன்மடங்கு மேலானவை. அவர்களிடம் என் விண்ணப்பம் ஒன்றே. 1934-இன் முதல் கதையிலிருந்து 1995-இன் அந்தக் கதை வரையில் கோப்ரா வருகிற கதைகளை மாத்திரம், வெளிவந்த வரிசையிலேயே, ஒரே தமிழ்த் தொகுதியாகப் போட வேண்டும். லயத்துக்கு லயம் கைமாறிப் படித்த பலர் பேரன் பேத்திகளோடு இன்னும் போடியிலும் தேனியிலும் உடுமலையிலும் பொள்ளாச்சியிலும் இருக்கிறார்கள். முதல் பாதியை நாங்கள் எவரும் இன்னும் படிக்கவில்லை.